கரையோரத்துச் சாம்பல் பட்டை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று திருச்செங்கோட்டுக்காரர்கள் நிறையக் கேட்டார்கள். சமைக்கத் தெரியுமா, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேனா, போனால் எந்த ஊரில் இருப்பேன் என்று ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க, எனக்கு முந்திக்கொண்டு அப்பாவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கூடத்தில் இரண்டு மின்விசிறிகளும் முழு வேகத்தில் ஓடியும் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்றும், அதோடு கூடவே போகும் சப்போர்ட் லாரி ஒன்றும் வைத்திருப்பவர், வருடத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில்தான் இருப்பார் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார்.

கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, கடல்ல காத்து எவ்வளவு அடிக்குதுன்னு ஆகாசத்துல இருந்து அளக்கறீங்கன்னு சொன்னாங்க. அங்கிருந்து ஒண்ணும் தொங்க உடறதில்லையே, அப்பறம் எப்படீங்க தெரியும்?"

எல்லோரும் நின்றுவிட்டார்கள். அப்பாவுக்கும் இதற்குப் பதில் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எந்தப் பொருளா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையைக் கொஞ்சமாவது வெளிய விட்டுக்கிட்டே இருக்கும்ங்க. கடலும் அப்படித்தான். காத்தில்லாம அமைதியா கெடந்தா, கண்ணாடி மாதிரி மேல இருக்கிற குளிர்ந்த வானத்தைத்தான் பெரும்பாலும் திருப்பிக் காட்டும். தன்னோட அலையைக் கம்மியா விடும். காத்தடிச்சு தண்ணி சொரசொரப்பா ஆகி, நுரை கெளம்பிடுச்சுன்னா அதிகமா விடும். அந்த வித்தியாசத்தை செயற்கைக்கோள்ல இருக்கிற ரேடியோமீட்டர் வாங்கிக்கும். அதை வச்சுக் காத்தோட வேகத்தைக் கணக்குப் போடுறோம்."

"அந்தக் கருவி எதையாச்சும் கீழ அனுப்புமுங்களா? ரேடார் மாதிரி?"

"இல்லைங்க. அப்படி அனுப்பிப் பாக்குற கருவி வேற. எங்களுது ஒண்ணும் அனுப்பாது. வர்றதை வாங்கிக்கும், அவ்வளவுதான்."

அவர் இன்னொரு செருப்பையும் மாட்டினார். "நீங்க காத்தைப் பாக்கறதே இல்லை. காத்து வந்து கடலை என்ன பண்ணிட்டுப் போச்சுன்னு பாக்கறீங்க."

"ஆமாங்க" என்றேன்.

என் வேலையை அவ்வளவு சுருக்கமாக நானே யாருக்கும் சொன்னதில்லை. கார் தெருமுனை திரும்பியதும் அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். அப்பா என்னைக் கேட்பதற்கு முன்பே நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு சில காலம் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிறுவனம் வேறொரு பெருநகரத்தில் இருக்கிறது. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிய காலத்தில் எனக்கும் அனுமதி கிடைத்தது, அது அப்படியே நிலைத்தும் விட்டது. திருச்செங்கோட்டு வீட்டின் மாடியில் மேற்குப் பார்த்த அறை என்னுடையது. கீழே ரிக் வண்டியின் உதிரிச் சாமான்கள் போட்டு வைக்கும் கொட்டகை. நான் மேலே பசிபிக் சமுத்திரத்தின் காற்றைத் திருத்திக்கொண்டிருக்கும்போது கீழே யாராவது பாறையைக் குடைந்து தேய்ந்த பிட்டைச் சம்மட்டியால் தட்டிக்கொண்டிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து காணொளிக் கூட்டத்தில் பேசுகிறவர்கள், அது என்ன சத்தம் என்று முதலில் கேட்டார்கள். பிறகு பழகிவிட்டது.

மாமனார் நான் வருவதற்கு முன்பே தவறிவிட்டார். வீட்டை நடத்துவது அத்தைதான். வண்டி ஊரிலிருந்து கிளம்பும் நாளில் ஆட்கள் அத்தனை பேருக்கும் அவர் கையால் சாப்பாடு. யார் யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் வீட்டில் பிள்ளைப்பேறு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. என் வேலை மட்டும் அவருக்குப் பிடிபட நாளானது. அக்கம்பக்கத்தாருக்கோ பிடிபடவே இல்லை. செயற்கைக்கோள், காற்று என்ற இரண்டு சொற்களையும் கேட்டதுமே நான் வானிலை சொல்பவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அடுத்த தெருவில் இருப்பவர் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறார். மரவள்ளி மாவை அகலமான களத்தில் பரப்பி வெயிலில் காயப்போடும் தொழில். காயும் மாவின் மேல் ஒரு தூறல் விழுந்தாலும் அன்றைய உழைப்பு வீண். வானம் மூட்டமாக இருந்தால் விடியற்காலையிலேயே போன் செய்துவிடுவார்.

"அம்மிணி, இன்னைக்குக் காயப் போடலாமுங்களா?"

"எனக்குத் தெரியாதுங்களே. நான் கடல் மேல அடிக்கிற காத்தை மட்டும்தான் பார்ப்பேன். அதுவும் அடிச்சு முடிச்ச காத்து."

"செரீங்க. ஆனாலும் உங்க மனசுக்கு என்ன தோணுது?"

என் மனசுக்குத் தோன்றுவதைச் சொல்ல நான் எதற்குப் படித்தேன்? ஒருநாள் அத்தை போனை வாங்கி அவருக்குப் புரியவைத்தார். "அவ கடலுக்குத்தானுங்க பாக்கறா. நம்மூருக்கெல்லாம் பாக்கறதில்லைங்க." அதற்கு அவர் அந்தப் பக்கம், "கடலுக்குப் பாக்கற புள்ளைய எதுக்குங்க இங்க கொண்டாந்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். அத்தை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஊரில் இருக்கும் மாதங்களில் என் வீட்டுக்காரர் மாலையில் மாடிக்கு வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்ப்பார். காற்று குறைந்த கடல் நீலமாகவும், கூடக் கூடப் பச்சை, மஞ்சள், சிவப்பாகவும் தெரியும் படங்கள். ஒரு தரம், இந்தியாவின் கரையோரம் முழுவதும் பட்டையாக ஓடிய சாம்பல் நிறத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார்.

"அங்க எங்களால காத்தைப் பார்க்க முடியாது. இந்த அலையில பார்த்தா கடலைவிடத் தரை ரொம்பச் சூடாத் தெரியும். எங்க கருவிக்கு ஒரு புள்ளிங்கிறதே சேலத்துல இருந்து நாமக்கல் வரைக்கும் இருக்கும். கரைக்குப் பக்கத்துல பார்த்தா அந்தப் புள்ளிக்குள்ள தரையும் கலந்துடும். தரையோட சூட்டைப் பெருங்காத்துன்னு நினைச்சுக்கும். அதான் மூடிட்டோம்."

"மழை பேஞ்சா?"

"அதுவும் கஷ்டம்தான். மழைத்துளியும் அலையை விடும். எது காத்து, எது மழைன்னு பிரிக்கிறதுதான் என்னோட வேலையே."

"அப்ப நடுக்கடல்ல, மழையில்லாத எடத்துல, ஆளே இல்லாத பக்கம் அடிக்கற காத்தைச் சுத்தமா அளந்துபோடுவீங்க" என்றார். "மனுசங்க இருக்கற எடத்துக்கு மட்டும் சாம்பல் பூசியாச்சு."

கேலிதான். அதில் தப்பேதும் இல்லை என்பதால் எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒரு மே மாதம். ரிக் வண்டிகளுக்கு வேலை அதிகம் இருக்கும் மாதம் அது. ஆந்திராவும் ஒடிசாவும் சேருகிற பக்கம், கடலில் இருந்து பார்த்தாலே மலை தெரியும் பகுதியில் வரிசையாக வேலை கிடைத்திருந்தது. அங்கெல்லாம் கொஞ்சம் ஆழத்திலேயே பாறை வந்துவிடும் என்பதால் நம்மூர் வண்டிகளைத்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரரும், துளை போடும் இராசிபுரம் பக்கத்து டிரில்லர் ஒருவரும், மற்ற ஆட்களும் போயிருந்தார்கள். அப்போதுதான் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிப் புயலானது.

முதலிரண்டு நாள் எனக்கு அது வேலை மட்டும்தான். புயலைச் சுற்றி மழை கொட்டும் இடத்தில் காற்றைப் பிரித்தெடுப்பது எங்கள் குழுவுக்குப் பெரிய சோதனை. குறைந்த அதிர்வெண்ணில் பார்க்கும் ரேடியோமீட்டர் மழையை ஓரளவு ஊடுருவிவிடும். அதன் அளவுகளை மற்ற ரேடியோமீட்டரின் அளவுகளோடு ஒப்பிட்டு, நான் எழுதிய திருத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே வந்தது. புயலின் நடுவில் காற்றில்லாத கண்ணும், அதைச் சுற்றிச் சிவப்பு வளையமும் தெரிந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாக்க நல்லாத்தானிருக்குது" என்றார் அத்தை. "எங்க போகுதாமா இது?"

வானிலைத் துறையின் முன்னறிவிப்பு வந்திருந்தது. வரைபடத்தில் அது கரையைத் தொடும் இடத்தைக் கையால் காட்டப் போனேன். கை அங்கே போவதற்குள், இவர்கள் வேலை பார்க்கும் பக்கம் அதுதான் என்று எனக்கே உறைத்தது. சொல்லாமலேயே அத்தைக்கும் தெரிந்துவிட்டது.

புயல் கரை கடக்கும் நாள் காலையில் என் வீட்டுக்காரரே கூப்பிட்டார். காற்றின் இரைச்சலில் கத்திப் பேசினார்.

"வண்டி மேல நிக்கற மாஸ்ட்டைப் படுக்கப் போட்டுட்டோம். வண்டி ரெண்டையும் மேட்டுல நிறுத்திக் கல்லு வச்சாச்சு. இங்க ஸ்கூல்ல தங்கச் சொல்லியிருக்காங்க, போயிட்டிருக்கோம்."

"காத்து எப்படி இருக்கு?"

"அதை நீயில்ல சொல்லோணும்?"

"என்னால முடியாதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும், தெரியும். நான் இப்ப சாம்பலுக்குள்ள நிக்கறேன்." சிரித்தார். பிறகு குரலை இறக்கி, "அம்மிணி, பயந்துக்காத. அம்மாவைப் பாத்துக்க. நான் பொழுதோட…" என்றார். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது குரல்.

மத்தியானத்துக்குள் ஆட்களின் குடும்பத்தார் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். மல்லசமுத்திரத்தில் இருந்து ஒருவர் தம்பியோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். டிரில்லரின் மனைவி டவுன் பஸ் மாறி மாறி, வயசான தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கீழே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அத்தனை பேரும் மாடிக்கு வந்தார்கள். வீட்டில் செயற்கைக்கோள் பார்க்கிற ஆள் இருக்கும்போது அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

செயற்கைக்கோள் அந்தப் பக்கம் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறைதான் கடக்கும். அது எடுத்த அளவு எங்களிடம் வந்துசேர இன்னும் சில மணி நேரம் ஆகும். காலையில் எடுத்தது அப்போதுதான் வந்திருந்தது. திறந்து காட்டினேன். கடலின் மேல் சிவப்பு வட்டம். கரைக்கு வந்ததும் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிட்டது. அதற்கப்புறம் சாம்பல்.

டிரில்லரின் மனைவி திரைக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, இந்தச் சாம்பல் கலருக்குள்ளதான் எங்கூட்டுக்காரரு இருக்காங்களா?"

"ஆமாம்மா."

"அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாதுங்களா?"

"தெரியாது."

"நடுக்கடல்ல தெரியுது, இங்க தெரியாதுங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவள் நிஜமாகவே புரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தரையின் சூடு, புள்ளியின் அகலம் என்று நான் சொல்ல ஆரம்பித்தது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அத்தைதான் எழுந்தார்.

"அவளுக்குத் தெரியாததைக் கேட்டு அவளை அழ வெக்காதீங்க சாமி. அவ புருசனும் அங்கதான் இருக்கறான். வாங்க, கீழ வந்து ஒரு வாய் சாப்புடுங்க."

எல்லோரும் இறங்கிப் போன பிறகு ஒரு காரியம் செய்தேன். கரையோரத்தை மூடுவது நிரலில் ஒரே ஒரு வரி. அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். சாம்பல் போய், கரை நெடுக நிறம் வந்தது. எந்தப் புயலிலும் அடிக்க முடியாத காற்று அங்கே அடித்துக்கொண்டிருந்தது. வரைபடத்தின் நிற அளவுகோலில் அதற்கு இடமே இல்லை. அது தரையின் சூடு, காற்றே இல்லை என்று எனக்குத் தெரியும். புயல் இல்லாத நாளில் பார்த்தாலும் அப்படித்தான் காட்டும். ஆனாலும் அவர் இருக்கும் இடத்தில் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. வரியைப் பழையபடி போட்டு மூடினேன். எதற்காக மூடினோம் என்பது அன்றைக்குத்தான் உடம்பில் ஏறியது.

அன்று யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். மறுநாள் காலை தொலைக்காட்சியில் சாய்ந்த தென்னைகளையும் கூரை பறந்த வீடுகளையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். போன் மட்டும் அப்படியே கிடந்தது. முந்தைய மாலையில் செயற்கைக்கோள் எடுத்த படம் என் கணினிக்கு வந்திருந்தது. சிவப்பு எங்கும் இல்லை. மஞ்சளும் ஓரங்களில்தான். டிரில்லரின் மனைவி காப்பித் தம்ளரோடு படியேறி வந்து கதவருகில் நின்றாள்.

"கடல் மேல காத்து நல்லாக் கொறஞ்சிருக்கு" என்றேன். "கடல்லதான். கரையில எப்படின்னு எனக்குத் தெரியாது."

"கொறஞ்சிருச்சுங்களா?" என்றாள். நான் சொன்ன இரண்டாவது பாதி அவள் காதில் விழவே இல்லை. திடுதிடுவென்று படியிறங்கி, "காத்து நின்னுபோச்சாம்!" என்று சொல்வது கேட்டது. திருத்தலாம் என்று பாதிப் படிவரை இறங்கினேன். கீழே முதல்முறையாக ஒருவர் மற்றவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். மல்லசமுத்திரத்துக்காரர் இட்லி இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். திரும்பி மேலே வந்துவிட்டேன்.

உச்சிப்பொழுதில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மிணி, நான்தான். வாத்தியார் ஒருத்தரோட போன்ல பேசறேன். எல்லாரும் நல்லாருக்கோம். ஒருத்தனுக்கும் ஒண்ணுமில்லை."

அத்தை போனைப் பிடுங்கினார். "சாப்ட்டயா?" என்று கேட்டார். பதில் என்னவோ, "வெறும் அவலையா தின்ன?" என்று சத்தம் போட்டார், பிறகு அழுதார், பிறகு போனை டிரில்லரின் மனைவியிடம் கொடுத்தார். அந்த வாத்தியாரின் போனில் சார்ஜ் தீரும்வரை அது கை மாறிக்கொண்டே இருந்தது.

என் வீட்டுக்காரர் அடுத்த வாரமே வந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். வரவில்லை. கடல் ஊருக்குள் ஏறி, ஆழ்துளைக் கிணறுகளின் குழாய்க்குள் உப்புத் தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. ரிக் வண்டியில் இருக்கும் கம்ப்ரசரால் காற்றை உள்ளே செலுத்தி, இருக்கும் தண்ணீரையெல்லாம் வெளியே பீய்ச்சி அடிக்கலாம். நல்ல ஊற்று வரும்வரை திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். நம்மூரில் பழைய போர்வெல்லைச் சுத்தம் பண்ணுவதும் அப்படித்தான். அந்த வட்டாரத்தில் உடையாமல் நின்ற ரிக் வண்டி இவர்களுடையது மட்டும்தான்.

"இந்த ஊர்க்காரங்கதான் எங்களை ஸ்கூலுக்குள்ள இழுத்துட்டுப் போனாங்க" என்றார் போனில். "உப்புத் தண்ணியைக் குடிங்கன்னு உட்டுட்டு எப்படி வாரது?"

எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. இரண்டு நாள் சரியாகப் பேசாமல் இருந்தேன். அத்தை கவனித்துக்கொண்டே இருந்துவிட்டு, "மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கறதுக்கு, ரயிலேறிப் போயி நேர்லயே திட்டிட்டு வந்துரு" என்றார். ஒரு தூக்கு நிறையப் பருப்புப் பொடியும், டப்பா டப்பாவாக முறுக்கும் கட்டிக் கொடுத்தார். சேலத்தில் ரயில் ஏறினேன்.

நிலையத்துக்கு வந்திருந்தவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. கறுத்து, தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். திட்டுவதற்காக வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "முறுக்கு கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். கடலையே பார்க்காதவள் இல்லை நான். கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம், இந்த வேலைக்கு வந்த பிறகு ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. உடைந்த படகுப் பலகைகள் மணலில் கிடந்தன. வலைகளைச் சிக்கெடுத்துக்கொண்டு சிலர் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் அலைகளின் முதுகில் வெள்ளை வெள்ளையாக நுரை கிளம்பிக் கிளம்பி அடங்கியது. கடல்பரப்பில் எத்தனை பங்கு நுரை என்பதை எண்ணாக மட்டுமே வருடக்கணக்கில் கையாண்டிருக்கிறேன். ஒரு நுரை அவ்வளவு சீக்கிரம் செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும், ஆனால் பார்த்ததில்லை. ஒன்றைக் கண்ணால் பிடித்து, இது இருக்கும், இது இருக்கும் என்று நினைப்பதற்குள் அது தண்ணீராகிவிட்டது. பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது. அத்தனை கோடி நுரைகள் கூடி அனுப்பும் மெல்லிய வெப்பத்தைத்தான் அவ்வளவு உயரத்தில் ஒரு கருவி வாங்கிக்கொண்டிருக்கிறது. கண் கலங்கிவிட்டது. காற்றில் மணல் பட்டது என்றேன்.

"எவ்வளவு அடிக்கும் இது?" என்று கேட்டார்.

நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு நுரையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். "விநாடிக்கு எட்டு மீட்டர் இருக்கும்."

"சரியாச் சொல்றயா?"

"யாருக்குத் தெரியும்? இது சாம்பல் பட்டைக்குள்ள அடிக்கிற காத்து. இதுக்குக் கணக்கே கிடையாது."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் ஏதோ கேட்க, இவர் அரைகுறைத் தெலுங்கில் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். கிழவர் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார். என்ன சொன்னீர்கள் என்று எத்தனையோ தடவை கேட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் கோயில் பக்கத்துப் போர்வெல்லில் வேலை. டிரில்லர் கம்ப்ரசரை முடுக்கியதும் குழாயிலிருந்து சேறும் தண்ணீருமாக ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியது. ஊர்ப் பெண்கள் குடங்களோடு தள்ளி நின்றார்கள். அவர்களில் பருமனான ஒரு பெண்மணிக்குத்தான் ருசி பார்க்கும் பொறுப்பாம். தண்ணீர் தெளிந்ததும் உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்ப்பார், முகத்தைச் சுளித்துத் துப்புவார். உடனே டிரில்லர் மறுபடி முடுக்குவார். இப்படியே பலமுறை நடந்தது. கடைசியில் அவர் துப்பவில்லை. இன்னொரு கை பிடித்துக் குடித்தார். தன் குடத்தை நீட்டி நிறைத்து, நேராக என்னிடம் கொண்டுவந்து, ஒரு சொம்பில் ஊற்றிக் கொடுத்தார். லேசாக உப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் குடிக்கலாம். முழுச் சொம்பையும் குடித்தேன். அவர் என் கன்னத்தைத் தடவி, தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார். இவர்கள் எதற்காக இங்கே தங்கினார்கள் என்பதை அதற்குமேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் திரும்பும் நாளில் அந்தப் பெண்களெல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை கருவாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். புயலுக்குப் பிறகு கடலுக்குப் போன முதல் நாட்களில் கிடைத்த மீனைக் காயவைத்ததாம். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? இவர் அதைப் பாலித்தீனில் சுற்றி, அதன்மேல் சாக்குச் சுற்றி, அதற்கும்மேல் தன் பழைய லுங்கியைச் சுற்றிக் கட்டினார். எதுவும் பலிக்கவில்லை. ஏசி பெட்டியில் இடம், ரயில் கிளம்பிய கொஞ்ச நேரத்துக்குள் எதிர் இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். டிக்கெட் பரிசோதகர் வந்து நின்று, இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்து, என் முகத்தையும் பார்த்தார். புயலடித்த ஊரில் கொடுத்தது என்றேன். "நானும் அந்தப் பக்கத்துக்காரன்தாம்மா" என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் தன் கையாலேயே தூக்கிக் கொண்டுபோய்ப் பெட்டியின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். சேலம் வரும்வரை நான் அடிக்கடி எழுந்துபோய் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அத்தை மூட்டையைப் பிரித்துவிட்டு, "இத்தனையா!" என்று வாயைப் பிளந்தார். நாங்கள் மூன்று தலைமுறை தின்றாலும் தீராது என்று சொல்லி, ஆட்களின் வீடுகளுக்கெல்லாம் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். கத்தரிக்காய் போட்டு, புளி கரைத்து ஊற்றி, பெரிய சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. தெரு முழுக்க மணம். ஜவ்வரிசி ஆலைக்காரர்கூட ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றார்.

டிரில்லரின் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த ஊர்ப் பெண்கள் எப்படி இருப்பார்கள், என்ன சேலை கட்டுவார்கள், அவள் வீட்டுக்காரருக்கு யார் சோறு போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

அப்போது என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். பின்னணியில் கம்ப்ரசர் இரைந்தது. இன்னும் இரண்டு ஊர் பாக்கி, முடித்துவிட்டு வண்டியை நேராக ஊருக்குத் திருப்பிவிடுவதாகச் சொன்னார்.

"குழம்பு எப்படி இருக்குது?"

நான் பதில் சொல்வதற்குள் அத்தை சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார். "வாரப்ப இன்னொரு மூட்டை வாங்கிட்டு வரச் சொல்லு. இந்தத் தடவை லாரில போட்டுட்டு வரட்டும். பாவம், அவளை ரயில்ல நாத்தத்தோட அனுப்பிப்போட்டான்."

சொன்னேன். அந்தப் பக்கம் அவர் சிரிப்பதும், யாரோ அவரைக் கூப்பிடுவதும் கேட்டது. "போங்க, வேலையைப் பாருங்க" என்று வைத்துவிட்டு, ஆறிப்போவதற்குள் என் தட்டுக்குத் திரும்பினேன்.